பூனைக்குட்டியும் பசும்பாலும் பின்புறத்து மஞ்சளும்

சென்ற வாரம் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் மாம்பழப் பெட்டியில் ஐந்து வாரப் பூனைக்குட்டி ஒன்றை என் சிகிச்சையகத்துக்குக் கொண்டு வந்தனர். வாலுக்குக் கீழே சுண்டுவிரல் அளவுக்குச் சதை தொங்கியது. அதன் மேல் அப்பியிருந்த மஞ்சளும் விளக்கெண்ணெயும் காய்ந்து பொருக்காகியிருந்தன. "மூலம் தள்ளிடுச்சுங்க டாக்டரம்மா, நாலு நாளாச்சு" என்றார் அந்த அம்மா. அது மூலம் அன்று, பேதியில் முக்கி முக்கி வெளியே பிதுங்கிய மலக்குடல். நுனி கறுத்துவிட்டது. கறுத்த பகுதியை வெட்டி இணைக்கும் அறுவையை முந்நூறு கிராம்கூட இல்லாத அந்த உடலால் தாங்க இயலவில்லை. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது குட்டி அது.

மூன்றுக்கும் கொடுக்கப்பட்ட உணவு பசும்பால். கறவை மாடு கட்டியிருக்கும் வீடுகள் நிறைந்த நம் மாவட்டத்தில் பூனை என்றாலே பால் என்று பழகிவிட்டோம். கன்றுக்காகச் சுரக்கும் பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை ஏறத்தாழ 5 சதவீதம் உண்டு. பூனையின் பாலில் அது குறைவு, புரதமும் கொழுப்பும் கூடுதல். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை உண்டாக்குகிறது. "தண்ணீர் கலந்துதானே கொடுத்தோம்" என்பவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்த பதில்: நீர் கலந்தால் சர்க்கரை மட்டுமா குறைகிறது, ஏற்கெனவே போதாத சத்தும் சேர்ந்துதானே குறைகிறது? வயிறு உப்பியிருக்கும், குட்டி பட்டினி கிடக்கும். ஆட்டுப்பாலும் இதற்கு மாற்று அன்று. தாயில்லாக் குட்டிக்கு, பூனைக்குட்டிகளுக்கென்றே கடைகளில் விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுங்கள்.

பால் ஒன்றே காரணம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குள் போய்விடுகிறது. ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, எடை பார்த்து, குடற்புழு நீக்க மருந்து தர வேண்டும், தாய்க்கும் சேர்த்து. பேதியோடு வாந்தியும் சோர்வும் கண்டால் அது பார்வோ வகை வைரஸாகவும் இருக்கலாம். அங்கே ஒரு நாள் தாமதம்கூடப் பெரிது. இன்னொன்று, மூன்று வாரத்துக்குட்பட்ட குட்டிக்குத் தானாக மலஜலம் கழிக்க வராது. தாய் நக்கித் தூண்டுவதைப் போல, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறையும் பாலூட்டியபின் மெல்ல வருடிவிடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்துப் புண்ணாக்கிவிட்டு "பின்னாடி செவந்திருக்கு" என்று வருவோரும் உண்டு.

குடல் வெளியே வந்துவிட்டால் மஞ்சள், எண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வீட்டில் மாட்டுக்கு அடி தள்ளினால், அதாவது கருப்பை வெளியே வந்துவிட்டால், மஞ்சள் பூசி நாலு நாள் காத்திருப்பீர்களா? உடனே டாக்டருக்கு ஆள் அனுப்பும் வீடுகள்தாம் இவை. சுத்தமான நீரில் நனைத்த மெல்லிய துணியால் அந்தச் சதையை மூடி, காயவிடாமல், குட்டி நக்காமல் பார்த்துக்கொண்டு அன்றைக்கே கொண்டு வாருங்கள். ஈரமாக, சிவப்பாக இருக்கும்வரை சர்க்கரை தூவி வீக்கம் வடியவைத்து உள்ளே தள்ளி, சுருக்குப்பை வாய் போலத் தையல் போட்டு மீட்டுவிட எங்களால் முடியும். இளம் மருத்துவ நண்பர்கள், தள்ளுமுன் பிதுங்கிய சதைக்கும் ஆசனவாய்க்கும் இடையே கருவி நுழைகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். நுழைந்தால் அது மலக்குடல் அன்று, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கும் குடல் செருகல்.

பேதியை நிறுத்த மனிதருக்கான மாத்திரையைப் பொடித்துத் தராதீர்கள். பாராசிட்டமால் சிரப்பைத் தொடவே தொடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு. வரும்போது பெட்டிக்குள் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து எடுத்து வாருங்கள். கூடவே, அன்று காலையில் கழித்த மலத்தையும் ஒரு சிறு டப்பாவில் போட்டு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் முதலில் கேட்பதே அதைத்தான்.