லாங் ரன்னை ஏன் மெதுவாக ஓட வேண்டும்?

மாரத்தானுக்குத் தயாராகிறவர்களிடம் வாராந்திர லாங் ரன்னை, அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டத்தை, மெதுவாக ஓடச் சொன்னால் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. பந்தயத்தில் ஓடப்போகும் வேகத்தைவிட கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் தாமதமாக ஓடி என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கிடைப்பது நிறைய, அதுவும் பெரும்பாலும் ஓட்டத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்.

முதலில் எரிபொருள் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 42.195 கி.மீ. ஓட 2,500 கிலோகலோரி தேவை. தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்து இருக்கும் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) 400 முதல் 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரிக்குள்தான். அதையும் முழுதாக எடுக்க முடியாது. தசையில் சேர்ந்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக இரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையில் இல்லை. கைத்தசையில் இருப்பு மிச்சமிருந்தாலும் காய்ந்துபோன தொடைக்கு அது போய்ச் சேராது.

கொழுப்போ ஒல்லியானவரிடம்கூடப் பல மாரத்தான்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது. சிக்கல் வேகத்தில். கொழுப்பு மெதுவாகவே எரிகிறது. அதே ஆற்றலைத் தர அதிக ஆக்சிஜனும் கேட்கிறது. ஆகவே ஒரே வேகத்தில் ஓடும்போது கொழுப்பின் பங்கை உயர்த்தி கிளைக்கோஜனை மிச்சப்படுத்தும் உடல்தான் 35-வது கிலோமீட்டரைத் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் (ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் செல் நுண்ணுறுப்புகள்) பெருக வேண்டும், ஒவ்வொரு இழையைச் சுற்றியும் நுண் இரத்தக்குழாய்கள் கூட வேண்டும். மைட்டோகாண்ட்ரியா பெருகுவதை அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஜான் ஹோலோசி 1967-இல் எலிகளை வாரக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவிட்டுக் காட்டினார்: பயிற்சி பெற்ற தசைகளின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இருமடங்கானது.

தசை இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. மெதுவாக ஓடும்போது நரம்பு மண்டலம் முதலில் அழைப்பது மெதுவாகச் சுருங்கும், எளிதில் களைக்காத இழைகளை. முதல் ஒரு மணி நேரம் பாரத்தைப் பெரும்பாலும் இவைதான் சுமக்கின்றன. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் இவற்றில் பலவற்றின் கிளைக்கோஜன் வற்றத் தொடங்குகிறது. வேகம் குறையாமல் இருக்க, அதுவரை சும்மா இருந்த வேகமாகச் சுருங்கும் இழைகளும் களத்துக்கு வருகின்றன. சாதாரணமாக இவை விரைந்து ஓடும்போது மட்டுமே வேலை செய்பவை. இப்போது மிதமான வேகத்தில், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் நிலையில், நீடித்து உழைக்கப் பழகுகின்றன. கூடவே, கிளைக்கோஜன் குறைவதும் செல்லின் ஆற்றல் இருப்பு சரிவதும் ஏஎம்பிகே என்ற நொதியைத் தூண்டுகின்றன. புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாக்கத்துக்கான கட்டளைகளில் முக்கியமான ஒன்று அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தொடக்கத்திலேயே வேகமாக ஓடினால் இருவகை இழைகளும் சேர்ந்து எரிகின்றன, இருப்பு சீக்கிரம் தீர்ந்து 18 கி.மீ.யிலேயே கால் ஓய்ந்துவிடுகிறது. பலன் விளையும் அந்தக் கடைசி மணி நேரத்துக்கு ஓடுபவர் போய்ச் சேர்வதே இல்லை. தசைச் சேதமும் அதிகம் என்பதால் அந்த வாரத்தின் வேகப் பயிற்சியும் கெடுகிறது.

மாரத்தான் வேகத்தைவிட கிலோமீட்டருக்கு 45 முதல் 75 நொடி கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு மணி நேர மாரத்தானுக்கு வேகம் 5:41 என்றால் லாங் ரன் 6:26 முதல் 6:56 வரை. முழு வாக்கியங்களாகப் பேச முடிய வேண்டும்; மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் கூடிவிட்டது. கடிகாரத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். நேரம் போகப்போக வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது, தோலைக் குளிர்விக்க இரத்தம் அங்கே திரும்புகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் அளவு சுருங்குகிறது. அதை ஈடுகட்ட, வேகம் மாறாமலே துடிப்பு நிமிடத்துக்கு 10, 15 கூடும். வெயில் நாளில் இன்னும் கூடும். அன்று மூச்சையே அளவுகோலாக வைத்து வேகத்தைக் குறைப்பதுதான் சரி.

14 அல்லது 16 கி.மீ.யில் தொடங்கி வாரம் ஒன்றரை, இரண்டு கி.மீ. கூட்டலாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் கால்வாசியாவது குறைக்க வேண்டும். உச்சம் 30 முதல் 32 கி.மீ., அல்லது மூன்று மணி நேரம். எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்துங்கள். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுப்பவர் மூன்று மணி நேரத்தில் 26 கி.மீ. போயிருப்பார், அது போதும். தசையும் இதயமும் வாரக்கணக்கில் தேறும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு ஆகும். ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை இறங்குகிறது. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குத்தான் கணைக்கால் எலும்பில் கீறல் விழுகிறது. வாரம் மொத்தமே 40 கி.மீ. ஓடுபவர் அதில் 28-ஐ ஒரே நாளில் ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

75 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு ஜெல்லில் (ஓடும்போது உறிஞ்சிச் சாப்பிடும் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலம்) பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். 40-வது நிமிடத்தில் முதலாவது, பிறகு அரை மணிக்கு ஒன்று. சோர்வு வந்தபின் சாப்பிட்டால் அது குடலில் உறிஞ்சப்பட்டுத் தசையைச் சேர்வதற்குள் தாமதமாகிவிடும். குளுக்கோஸைக் கடத்தும் குடல் புரதங்களால் மணிக்கு 60 கிராம் வரைதான் முடியும். பழச்சர்க்கரையான பிரக்டோஸுக்குத் தனி வழி இருப்பதால், இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். ஜெல்லுடன் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். விளையாட்டு பானமும் ஜெல்லும் சேர்ந்தால் சர்க்கரைச் செறிவு மிகுந்து, குடல் உடலிலிருந்து நீரை இழுக்கும். வயிற்றுப்பிடிப்பும் பேதியும் வருவது அதனால்தான். குடலும் பழகும் உறுப்பு என்பதால் பந்தயத்தன்று எடுக்கப்போகும் அதே ஜெல்லை இப்போதே பழக்குங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதை எடை மெஷின் சொல்லும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின் எடை 1.2 கிலோ குறைந்து, வழியில் அரை லிட்டர் குடித்திருந்தால், வியர்வை 1.7 லிட்டர், மணிக்கு 850 மி.லி. அது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை, தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது என்று அதற்குப் பொருள். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். மிகவும் சரிந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

முடித்தபின் முதல் சில மணி நேரத்தில் கிளைக்கோஜன் வேகமாகச் சேர்கிறது. கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்தும், முதல் சாப்பாட்டில் 20 முதல் 25 கிராம் புரதமும் எடுங்கள். சேதமுற்ற இழைகள் குளுக்கோஸைச் சரியாக ஏற்பதில்லை, அதனால் முழு இருப்பும் திரும்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். அடுத்த இரண்டு நாட்களில் வேகப் பயிற்சி வேண்டாம். கடைசிப் பெரிய ஓட்டத்தைப் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்; இரண்டு வாரம் இருக்கையில் 18 முதல் 20 கி.மீ., ஒரு வாரம் இருக்கையில் 12 கி.மீ. போதும்.