குண்டு வெடிச்ச இடத்துல கூட இருந்தவங்க என்ன செஞ்சாங்க?

பொது இடத்துல ஒரு குண்டுவெடிப்போ துப்பாக்கிச்சூடோ நடந்துட்டா, மனுசங்க இவ்ளோதானான்னு நமக்கு வெறுத்துப் போயிடுது. வெறுத்துப் போறது நியாயம்தான். ஆனா அந்த நேரத்துல அங்கயே மாட்டிக்கிட்டவங்க எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அதையும் நாம தெரிஞ்சுக்கணும்.

2005 ஜூலை 7, லண்டன். மூணு சுரங்க ரயில்லயும் ஒரு பஸ்லயும் குண்டு வெடிச்சு 52 பேர் செத்துட்டாங்க, 700 பேருக்கு மேல காயம். சுரங்கத்துக்குள்ள ஒரே இருட்டு, புகை, மீட்புப்படை வந்து சேர நேரமாச்சு, இன்னொரு குண்டு வெடிக்குமோங்குற பயம் வேற. தப்பிச்சவங்க சொன்னதையெல்லாம் ஜான் ட்ரூரிங்குற உளவியலாளரோட குழு சேகரிச்சுப் பார்த்தா, அடுத்தவங்கள மிதிச்சுட்டு ஓடினதா சொன்னவங்க ரொம்பக் கம்மி, தண்ணி குடுத்தாங்க, ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போட்டாங்க, தெரியாதவங்க கையப் பிடிச்சு பேசிக்கிட்டே இருந்தாங்கன்னு சொன்னவங்கதான் அதிகம். அஞ்சு நிமிசம் முன்னாடி வரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நிமிர்ந்து பார்க்காத பயணிகள் இவங்க!

இது எப்படி நடக்குதுன்னா, ஆபத்து எல்லாருக்கும் ஒண்ணா வர்றப்போ "நான்"ங்குற நினைப்பு "நாம"ன்னு மாறிடுது, பக்கத்துல இருக்கறவரோட வலி நம்ம ஆளோட வலியாத் தெரியுதுன்னு ட்ரூரி விளக்குறார். கூட்டம்னாலே பீதியில மிருகமாயிடும்னு நாம நம்பிட்டு இருக்கோமே, அது பெரும்பாலும் தப்பு.

இன்னொரு பழைய நம்பிக்கையும் இருக்கு. 1964ல நியூயார்க்ல ஒரு இளம்பெண் கொலையானப்போ 38 பேர் வேடிக்கை பார்த்தாங்கன்னு பத்திரிகைல வந்தது, கூட்டம் இருந்தா யாரும் உதவ மாட்டாங்கன்னு பாடப்புத்தகம் வரைக்கும் அது போயிடுச்சு. அந்தச் செய்தில நிறைய தப்பு இருந்துச்சுன்னு அப்புறம் தெரிய வந்துச்சு, 2016ல அந்தப் பத்திரிகையே ஒத்துக்கிச்சு. 2019ல வந்த ஒரு ஆய்வு நிஜமான சிசிடிவி பதிவுகளையே எடுத்துக்கிச்சு, நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்துல லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன்னு மூணு ஊர்லயும் தெருவுல நடந்த 219 சண்டை. பத்துல ஒன்பது சம்பவத்துல குறைஞ்சது ஒருத்தராவது குறுக்க போயிருக்காங்க, நடுவுல நின்னு மறிக்கிறது, அடிக்கிறவன இழுத்துட்டுப் போறது, அடிபட்டவர தாங்கிப் பிடிக்கிறதுன்னு. ஆள் அதிகமா இருந்த இடத்துல உதவி கிடைக்கிற வாய்ப்பும் அதிகமா இருந்துச்சு! வன்முறை ரொம்ப ஜாஸ்தியான கேப்டவுன்லயும் இது குறையலங்குறது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

அப்போ நமக்கு மட்டும் ஏன் உலகமே கெட்டுப்போன மாதிரி இருக்கு? எது சட்டுன்னு ஞாபகத்துக்கு வருதோ அதுதான் அடிக்கடி நடக்குதுன்னு மூளை எடுத்துக்கும், டிவியும் போனும் அந்த ஒரே நொடிய திரும்பத் திரும்பக் காட்டுது. 2013ல பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு அப்புறம் அமெரிக்கால எடுத்த ஆய்வுல, அந்த வாரம் தினமும் ஆறு மணிநேரத்துக்கு மேல அந்தச் செய்தியிலயே இருந்தவங்களுக்கு, சம்பவ இடத்துல இருந்தவங்கள விட மன அழுத்தம் அதிகமா இருந்துச்சு.

அதனால இப்படி ஏதாவது நடந்தா செய்திய படிச்சு தெரிஞ்சுக்கங்க, வீடியோவ ஓட விடாதீங்க, வீட்ல குழந்தைங்க இருந்தா டிவிய கண்டிப்பா அணைச்சிடுங்க.