காபுரேற்றரைக் கழற்றினால் காற்றை யார் அளப்பது?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஐயா, அப்பா விட்டிட்டுப்போன மொரிஸ் மைனர் இன்னும் ஓடுது. காலமை ஒரு தட்டில ஸ்டார்ட் எடுக்கும். மத்தியானம் மாங்குளத்தில நிப்பாட்டி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தா அசையாது. புதுக் கார்கள் மாதிரி இதுக்கும் இன்ஜெக்சன் போடலாமோ? பழைய எஞ்சினுக்குக் கொம்பியூட்டர் ஒத்துவராது எண்டு கராஜில சொல்லுகினம்."

போடலாம். காபுரேற்றர் என்பது பழைய கார்களில் பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி. இன்ஜெக்சனில் அந்த வேலையைக் கணினி சொல்லும் நேரத்தில் திறந்து மூடிப் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் செய்கிறது. எஞ்சின் கேட்பது அளவான காற்று, அதற்கு ஏற்ற பெற்றோல், சரியான நேரத்தில் ஒரு பொறி. இவற்றைப் பித்தளை கொடுத்தாலும் சிலிக்கன் கொடுத்தாலும் அது ஓடும்.

முதலில் அந்த மத்தியான வியாதியைப் பார்ப்போம். மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபுரேற்றருக்கு நேர் கீழே கொதிக்கும் புகைக்குழாய். கார் ஓடும்போது காற்று வீசும், புதுப் பெற்றோல் வந்துகொண்டிருக்கும், அதனால் சமாளித்துவிடும். நிறுத்தியதும் அந்தச் சூடெல்லாம் மேலே ஏறுகிறது. பெற்றோலில் உள்ள இலேசான பகுதிகள் 35, 40 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். வன்னியில் சித்திரை வெயிலே கிட்டத்தட்ட அந்த அளவு. காபுரேற்றரில் பெற்றோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்திலும் குழாயிலும் ஆவி நிறைந்துவிட, பழைய பம்பால் ஆவியைத் தள்ள முடிவதில்லை. பம்பிலும் குழாயிலும் ஈரத்துணி சுற்றும் பழக்கம் இதற்குத்தான். அதில் எந்த மூடநம்பிக்கையும் இல்லை, நல்ல இயற்பியல்தான் இருக்கிறது. இன்ஜெக்சனில் பெற்றோல், வகையைப் பொறுத்து, வெளியமுக்கத்தைவிட ஏறத்தாழ 1 முதல் 3 பார் கூடிய அமுக்கத்தில் நிற்கும் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம்). அமுக்கம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதோடு, தேவைக்கு மிஞ்சிய பெற்றோல் தொட்டிக்குத் திரும்பிச் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஓரிடத்தில் தேங்கிச் சூடேறுவதும் குறையும்.

இனித் தலைப்பில் உள்ள கேள்வி. பெற்றோலைக் கொடுப்பது இலேசு. எவ்வளவு கொடுப்பது என்று தெரியவேண்டுமென்றால், எஞ்சின் இந்தக் கணத்தில் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்தது என்று யாராவது அளக்கவேண்டும்.

மைனரில் இருக்கும் எஸ்யு என்ற வகைக் காபுரேற்றர் அதை ஒரு கணக்கும் போடாமல் செய்கிறது. காற்று கூடுதலாக ஓடினால் மேலே உள்ள அறையில் வெற்றிடம் கூடி ஒரு பிஸ்டனைத் தூக்கும். பிஸ்டன் எழும்ப, அதன் அடியில் தொங்கும் கூர்ந்த ஊசியும் எழும்பும். ஊசி மெலிந்துகொண்டே போவதால் துவாரம் பெரிதாகிப் பெற்றோல் கூடுதலாக வரும். சடுதியாக அக்சிலேற்றரை மிதித்தால் பிஸ்டன் துள்ளிவிடாமல் உள்ளே ஊற்றிய எண்ணெய் அதைத் தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் கலவை சற்றுச் செறிவாகி எஞ்சின் திக்காமல் இழுக்கும். இதை உருவாக்கியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வன்னிக்கு இந்தக் காபுரேற்றர் செய்த உதவியையும் சொல்லாமல் விடமுடியாது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் வழியில்லாமல் போனபோது, இந்தப் பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை எடுத்துக் காபுரேற்றர் வாய்க்குள் பீச்சி ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. அதை ஆவியாக்கியது காபுரேற்றருக்குக் கீழே இருந்த அதே புகைக்குழாய்ச் சூடுதான்! இன்று மாங்குளத்தில் காரை நிறுத்திவைக்கும் சூடு, அன்று நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அமுக்க விகிதம் குறைந்த, அதாவது கலவையை உருளைக்குள் அவ்வளவாக நெருக்காத, பழைய எஞ்சின்கள் என்பதால் தட்டல் சத்தத்தோடு என்றாலும் தாங்கின. எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து தேய்மானம் கூடியது வேறு கதை. இன்ஜெக்சன் கார் ஒன்றை அப்படி ஓட்டியிருக்க முடியாது.

ஆனால் எஸ்யு ஒன்றை அறியாது: காற்றின் வெப்பநிலை. விடியற்காலை 24 பாகையில் இழுக்கும் ஒரு லீற்றர் காற்றும் பின்னேரம் 36 பாகையில் இழுக்கும் ஒரு லீற்றர் காற்றும் ஒன்றல்ல. இரண்டாவதில் திணிவு ஏறத்தாழ 4 வீதம் குறைவு. பெற்றோல் எரிவது திணிவுக் கணக்கில்: ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று.

இன்ஜெக்சனின் கணினிப் பெட்டி காற்றை அளக்கும் இதே வேலையை உயர்தர மாணவர்கள் படிக்கும் வாயுச் சமன்பாட்டால் செய்கிறது. உள்ளிழுக்கும் குழாயில் ஓர் அமுக்க சென்சர், ஒரு வெப்பநிலை சென்சர், எஞ்சின் சுற்றும் வேகத்தைச் சொல்ல ஒரு பற்சக்கரமும் சென்சரும். அமுக்கம், கனவளவு, வெப்பநிலை மூன்றும் தெரிந்தால் திணிவு தெரிந்துவிடும். 1098 சிசி மைனரில் நான்கு உருளைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 275 சிசி. 30 பாகையில், அக்சிலேற்றர் முழுதாகத் திறந்து, உருளை 80 வீதம் நிரம்பினால், உள்ளே போகும் காற்று 0.26 கிராம் அளவு. அதற்கு வேண்டிய பெற்றோல் ஏறத்தாழ 17 மில்லிகிராம், அதாவது ஒரு துளியில் பாதிகூட இல்லை. நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர் விடும் இன்ஜெக்டர் என்றால் அதை 7 மில்லிசெக்கன் திறந்தால் போதும். (முழு இழுவையில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது வழக்கம்.) 3000 சுற்றில் ஓடும்போது ஓர் உருளை மறுபடி காற்றை இழுக்க 40 மில்லிசெக்கன் இருக்கிறது. கணினிக்கு இது ஓய்வுநேரம்.

மேலே "80 வீதம் நிரம்பினால்" என்று எழுதினேன் அல்லவா, அது ஓர் ஊகம்தான். வால்வு தேய்ந்த எஞ்சினில் 74 ஆக இருக்கலாம். வேகத்தோடும் மாறும். இந்த எண்களை அட்டவணையாக நிரப்புவதுதான் இன்ஜெக்சன் போடுகிறவரின் முழு வேலையும். அட்டவணை சரியா பிழையா என்று சொல்வதற்குப் புகைக்குழாயில் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் காரில் மிகப் பிடித்த பாகம் அதுதான்: ஒட்சிசன் சென்சர்.

வெளியே பார்த்தால் ஸ்பார்க் பிளக் போல இருக்கும். உள்ளே சுண்டுவிரல் நுனியளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் தொப்பி. சிர்கோனியம் ஒட்சைட்டில் கொஞ்சம் இற்றியம் ஒட்சைட்டைக் கலந்து சுட்டது. அதன் உட்புறமும் வெளிப்புறமும் நுண்துளைகள் கொண்ட பிளாட்டினப் பூச்சு. உட்புறம் வெளிக்காற்றைத் தொடுகிறது, வெளிப்புறம் புகையைத் தொடுகிறது. மின்கம்பி எதுவும் இதற்கு மின்சாரம் அனுப்பவேண்டியதில்லை. தானே மின்கலமாகி வோல்ற்றளவு தருகிறது.

எப்படி? சிர்கோனியம் அயனின் ஏற்றம் நான்கு, இற்றியத்தின் ஏற்றம் மூன்று. நான்கு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று வந்து குந்தினால் கணக்குச் சரிவர, பளிங்கில் அங்கங்கே ஒட்சிசன் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகிறது. நெரிசலான பஸ்ஸில் ஓர் இருக்கை காலியானால் பக்கத்தில் நிற்பவர் உட்கார, அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் நிற்பவர் வர, அப்படியே எல்லோரும் நகர்வார்கள் அல்லவா? ஒட்சிசன் அயன்களும் அந்த வெற்றிடங்கள் வழியே அப்படித்தான் நகர்கின்றன. ஆனால் பீங்கான் குளிர்ந்திருந்தால் அசையாது. 300 பாகைக்கு மேல் சூடாகவேண்டும். சூடானதும், ஒட்சிசன் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயன்கள் போகப் பார்க்கும். ஏற்றத்தைச் சுமந்து போவதால் இரண்டு பிளாட்டினப் பூச்சுகளுக்கும் இடையில் வோல்ற்றளவு பிறக்கிறது.

எவ்வளவு வோல்ற்று என்பதைச் சொல்வது வால்தர் நேர்ன்ஸ்ட் 1889இல் தந்த சமன்பாடு. 900 கெல்வினில் போட்டுப் பாருங்கள். பெற்றோல் குறைவாக இருந்து புகையில் 1 வீத ஒட்சிசன் மிஞ்சினால் கிடைப்பது 0.06 வோல்ற்று மட்டுமே. பெற்றோல் ஒரு சொட்டுக் கூடினாலோ, பிளாட்டினத்தின் மேல் மிச்ச ஒட்சிசன் எல்லாம் காபனோரொட்சைட்டோடு சேர்ந்து எரிந்துவிடும். அங்கே ஒட்சிசனின் அமுக்கம் ஒரு வளிமண்டலத்தை 1க்குப் பின்னால் இருபது பூச்சியம் போட்ட எண்ணால் பிரித்த அளவுக்கு விழும். வோல்ற்றளவு 0.86க்குத் தாவும். 14.7க்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொல்லும் பொருள் ஒன்று இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆசை தீர்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதே நேர்ன்ஸ்ட் 1897இல் ஒரு விளக்கைக் கண்டுபிடித்தார். அதன் ஒளிரும் கோலும் சிர்கோனியம் ஒட்சைட்டும் இற்றியம் ஒட்சைட்டும் கலந்த பீங்கான்தான். அதையும் முதலில் சூடாக்கினால்தான் மின்சாரம் ஓடும். சமன்பாட்டையும் அதற்கேற்ற பொருளையும் ஒரே மனிதர் கையில் வைத்திருந்தார். அவை இரண்டும் காரின் புகைக்குழாயில் சந்தித்தது 1976இல், பொஷ் நிறுவனம் வொல்வோ கார்களுக்கு இந்தச் சென்சரைக் கொடுத்தபோது. எந்தப் பயனும் தெரியாமல் செய்யப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது வீண் என்று சொல்கிறவர்கள் இந்த இடைவெளியை எண்ணிப் பார்க்கவேண்டும். இலங்கை தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அந்த ஒன்றில் பத்திலொரு பங்கு அளவுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. மெகாஸ்குவேட், ஸ்பீடுயினோ போன்ற இன்ஜெக்சன் கணினிப் பெட்டிகளின் வடிவமைப்பு எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. ஸ்பீடுயினோ ஓடுவது மாணவர்கள் கையில் புழங்கும் அர்டுயினோ என்ற மின்னணுப் பலகையில். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய எஞ்சினும் அளவுகருவிகளும் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவே இல்லை.

அதற்குப் பதிலாக நம் ஊரில் காசு எங்கே போகிறது? 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆர் அட்டை வந்த காலத்தில், மிச்சம் பிடிக்குமாம் என்று பெற்றோல் குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றிப் படித்தவர்கள்கூட என்னிடம் கேட்டார்கள். காந்தம் பெற்றோல் மூலக்கூறுகளை வரிசைப்படுத்தாது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நூற்றுக்கும் மேற்பட்ட எரிபொருள் மிச்சக் கருவிகளைப் பரிசோதித்துப் பார்த்தது. குறிப்பிடும்படி மிச்சம் பிடித்தது ஒன்றும் இல்லை. அந்தக் காசுக்குப் பிளக்கையும் காற்று வடியையும் மாற்றுங்கள்.

சரி, மைனருக்கு வருவோம். ஏ-சீரிஸில் காற்று நுழைய முதலாம், இரண்டாம் உருளைகளுக்கு ஒரே வாசல், மூன்றாம் நான்காம் உருளைகளுக்கு இன்னொன்று. உருளைகளில் பொறி விழும் வரிசை 1-3-4-2 என்பதால் இரண்டாம் உருளை இழுத்து முடிக்குமுன் முதலாம் உருளை இழுக்கத் தொடங்கும். பிறகு அந்த வாசலில் நீண்ட இடைவெளி. வாசலுக்கு ஓர் இன்ஜெக்டர் வைத்தால் ஒருவரின் பெற்றோலை மற்றவர் இழுத்துவிடுவார். ஆகவே காபுரேற்றர் இருந்த இடத்தில் ஒரே பெரிய இன்ஜெக்டர் உள்ள திறொட்டில் பொடியை (காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டுள்ள பாகத்தை) வைப்பதுதான் சுகம். ரோவர் நிறுவனமே 1990களின் முற்பகுதியில் மினி கார்கள் பலவற்றில் இந்த எஞ்சினை அப்படித்தான் விற்றது.

அதற்கு முன் கொம்பிரசனை, அதாவது உருளைகள் அமுக்கத்தை ஒழுகவிடாமல் பிடிக்கின்றனவா என்பதை, பாருங்கள். ஒயில் எரிக்கும் எஞ்சினில் சென்சர் கறுத்துச் செத்துப்போகும். ஈயமும் அதற்கு நஞ்சு. நம் நாட்டில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றுவிட்டதால் அந்தக் கவலை இல்லை. கராஜில் கண்ட இடமெல்லாம் பூசும் சிலிக்கோன் பசையிலும் சில வகைகள் சென்சரைக் கெடுக்கும், "சென்சருக்குப் பாதுகாப்பானது" என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சர் பெற்றோல் போதவில்லை என்று சொல்லும், கணினி மேலும் மேலும் கொட்டும். அட்டவணை நிரப்பும் நாட்களில் மட்டும் அகலப்பட்டைச் சென்சர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மேலே சொன்ன வகை எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும், இது எவ்வளவு தூரம் என்றும் சொல்லும்.

மைனரின் பற்றரியில் நேர்முனைதான் காரின் உலோக உடலில் இணைந்து ஏர்த் ஆகியிருக்கும். கணினியும் சென்சர்களும் எதிர்முனை ஏர்த்துக்குச் செய்தவை. அதை மாற்றாமல் இணைத்தால் எல்லாம் ஒரு நொடியில் கருகும். பழைய டைனமோவின் 22 அம்பியரும் இரவில் விளக்கோடு பம்பையும் தாங்காது, கூடுதல் மின்சாரம் தரும் ஒல்ரநேற்றர் போடவேண்டும். தொட்டித் துருவைக் கழுவி நல்ல வடி போடாவிட்டால் அரைத்துளி விடும் துவாரம் அடைபடும்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம். காபுரேற்றர்க் காலத்து ரப்பர் குழாய் இன்ஜெக்சனின் அமுக்கத்துக்குச் செய்ததல்ல. வெடித்தால் சூடான புகைக்குழாய் மேல்தான் பீச்சும். இன்ஜெக்சனுக்கென்றே வரும் குழாயையும் கிளிப்பையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் நின்றாலோ கார் மோதினாலோ பம்ப் தானாக நிற்கும்படி ரிலேயையும் மோதல் சுவிச்சையும் மாட்டுங்கள். பிறகு சாவியைப் போட்டு, எஞ்சினை எடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.