ஞானஸ்நானமா, திருமுழுக்கா?

ஒருவர் கிறிஸ்தவ சபையில் சேரும்போது நீரால் செய்யும் சடங்குக்குப் புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்கச் சொல் ‘பாப்டிஸ்மா’. இந்தியில் அது ‘பப்திஸ்மா’, தெலுங்கில் ‘பாப்திஸ்மமு’ என்று ஒலி சற்றே மாறி அப்படியே குடியேறிவிட்டது. கேரளத்தின் சிரிய மரபுச் சபைகள் சிரிய மொழியிலிருந்து ‘மாமோதீசா’ என்று எடுத்துக்கொண்டன. தமிழ் இந்த வழியில் போகவில்லை. பொருளைப் பார்த்து ‘ஞானஸ்நானம்’ என்றது, பிறகு ‘திருமுழுக்கு’ என்றது. பொருள் சொல்லும் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் வம்பும் கூடவே வரும்.

கிரேக்கத்தில் ‘பாப்டோ’ என்றால் தோய்த்தல். துணியைச் சாயத்தில் தோய்ப்பதற்கும் அதுதான் சொல். அதிலிருந்து வந்த ‘பாப்டிசோ’ இன்னும் அழுத்தமானது. கப்பல் மூழ்குவதையும், ஒருவர் கடனில் மூழ்குவதையும்கூட அந்தச் சொல்லால் சொன்னார்கள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், குஷ்டரோகியான நாகமான் யோர்தான் ஆற்றில் இறங்குமிடத்தில் இதே வினைதான் வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் அங்கே ‘ஏழுதரம் முழுகினபோது’ என்கிறது (2 இராஜாக்கள் 5:14). ஆனால் மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் செம்புகளையும் குடங்களையும் கழுவுவதற்கும் இந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல்லே பயன்படுகிறது. ஆக, முழுகுதல் மையப் பொருள், கழுவுதல் அதன் ஓரம்.

இந்த ஓரத்தில்தான் சண்டை. ஆள் முழுதாகத் தண்ணீருக்குள் போக வேண்டுமா, தலையில் ஊற்றினால் போதுமா? 19-ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தின் வங்காள மொழிபெயர்ப்பில், முழுதாக முழுகித்தான் பெற வேண்டும் என்னும் சபைப்பிரிவினரான பாப்டிஸ்ட் மிஷனரிகள் முழுகுதலைக் குறிக்கும் சொல்லைப் போட்டார்கள். வேதாகமங்களை அச்சிட்டுப் பரப்பிவந்த வேதாகமச் சங்கம் அதற்குப் பணம் தர மறுத்தது. இங்கிலாந்தின் பாப்டிஸ்டுகள் 1840-இல் மொழிபெயர்ப்புக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு சங்கம்! இத்தனைக்கும் ஆதிச் சபையின் கையேடான ‘திதகே’ இதை நிதானமாகவே முடித்துவைத்திருந்தது: ஓடும் நீரில் கொடுங்கள், இல்லையென்றால் வேறு நீரில், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள்.

சரி, ஞானஸ்நானம் என்ற சொல்லுக்கு வருவோம். ஞானம், ஸ்நானம் இரண்டும் வடசொற்கள். ஸ்நானம் என்றால் குளிப்பு. அன்றாடக் குளியலும் ஸ்நானம்தான், அதனால் இது வேறு வகை என்று காட்ட ஒரு அடைமொழி தேவைப்பட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாயில் ‘ஞான’ என்பது அறிவைவிட ஆவிக்குரியது என்ற பொருளிலேயே பழகிவிட்டது. ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஞானப்பாட்டு எல்லாம் அப்படி வந்தவைதான். இதைக் கேட்கும் வெளியாள் ‘அறிவு தரும் குளியல்’ என்று நினைத்தால் அது அவர் குற்றமல்ல. ஆனால் அந்தப் பொருளும் முழுத் தவறு இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் இந்தச் சடங்கை ‘ஒளிபெறுதல்’ என்றே குறிப்பிட்டார். தற்செயலோ என்னவோ, நம் சொல் அதோடு பொருந்திப்போகிறது.

பழைய மொழிபெயர்ப்பிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. இயேசு தாம் படப்போகும் பாடுகளை, அதாவது துன்பங்களைப் பற்றிப் பேசும்போது அங்கே ‘ஞான’ காணாமல் போகிறது. ‘நான் முழுகவேண்டிய ஒரு ஸ்நானமுண்டு’ (லூக்கா 12:50). முழுகு என்ற தமிழ் வினை இங்கே தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘திருமுழுக்கு’ என்று வைத்தது. முழுக்கு என்று சொல்லிவிட்டதால் முழுக வைக்கும் சபைகளுக்கு வெற்றி என்று சிலர் நினைக்கலாம். தமிழ் அப்படிச் சொல்லவில்லை. கோயில் குடமுழுக்கில் கலசத்தின் மேல் நீரை ஊற்றுகிறார்கள், கலசத்தை எங்கும் முக்குவதில்லை. இறைவன் திருமேனிக்குச் செய்யும் நீராட்டையும் திருமுழுக்கு என்பது சைவ வழக்கு. ஆக, தமிழில் முழுக்கு என்பது ஊற்றுவதையும் மூழ்குவதையும் சேர்த்தே குறிக்கும். கோயில் சொல்லை எடுத்துவிட்டார்களே என்ற முணுமுணுப்பு உண்டு. ஸ்நானமும் கோயிலில் புழங்கும் சொல்தான் என்பதால் அந்த வாதம் அதிக தூரம் போகாது.

எனக்குத் திருமுழுக்கு பிடிக்கக் காரணம் வேறு. ‘அரசியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டார்’ என்கிறோம். ‘அந்த உறவைத் தலைமுழுகியாச்சு’ என்கிறோம். இறப்புக்குப் பிந்தைய குளியலின் நிழல் இந்த வழக்குகளில் இருக்கிறது: செத்துவிட்டது, இனி திரும்ப மாட்டோம். அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6-ஆம் அதிகாரத்தில் சொல்வதும் இதுதான். கிறிஸ்துவின் மரணத்துக்குள் முழுகி, அவரோடு அடக்கம்பண்ணப்பட்டு, புது வாழ்வுக்கு எழுகிறோம் என்கிறார். ஞானஸ்நானம் என்ற சொல்லில் இந்தச் சாவு இல்லை. முழுக்கில் இருக்கிறது.

அப்புறம், வினையைக் கவனிக்க வேண்டும். ‘ஞானஸ்நானம் எடுத்தார்’ என்று இன்று பல சபைகளில் சொல்கிறார்கள். தானே முடிவெடுத்து வருகிறார் என்பதை அது அழுத்துகிறது, புரிகிறது. ஆனாலும் புதிய ஏற்பாட்டில் யாரும் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வதில்லை. இயேசுவே யோவானிடம் போய்த்தான் பெற்றார். எனவே ‘திருமுழுக்குப் பெற்றார்’, ‘திருமுழுக்குக் கொடுத்தார்’ என்பதே பொருத்தம். யோவான்ஸ்நானன் என்றும் ஸ்நாபக அருளப்பர் என்றும் சபைக்கொரு பெயரில் வழங்கியவரைத் திருமுழுக்கு யோவான் என்றே எழுதலாம்.