அணு தெரிந்தால் மட்டும் போதாது

எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்கு சாம்பிளோடு வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "சார், அணு தெரியணும்." தெரியும், அதில் பிரச்சினை இல்லை. 300 கிலோவோல்ட்டில் ஓடும் எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 2 பிகோமீட்டர், லென்ஸின் கோளாறைச் சரிசெய்யும் கருவிகளும் 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டன. ஆனால் திரையில் தெரிவது நீங்கள் வளர்த்த பொருளா, பார்க்கப் போன இடத்தில் நாமே கெடுத்துவைத்த பொருளா என்று கேட்பவர்கள் குறைவு. குவாண்டம் பொருள்களில், அதாவது குவாண்டம் விளைவுகளே குணத்தைத் தீர்மானிக்கும் பொருள்களில், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஒரே அணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனை 300 கிலோவோல்ட்டில் வைத்தால் பீம், அதாவது எலக்ட்ரான் கற்றை, கார்பன் அணுக்களை இடித்து வெளியே தள்ளிவிடும், அப்புறம் ஓட்டையைக் காட்டி "குறைபாடு இருக்கிறது" என்று கட்டுரை எழுதினால் என்ன செய்வது? அதனால்தான் 80க்கு இறக்குகிறோம். மாலிப்டினம் டைசல்ஃபைடில் 80கூட அதிகம், கந்தக அணுக்கள் கழன்றுகொள்ளும், 60 வைத்துக்கொள்வது நல்லது.

காந்தப் பொருள் என்றால் கதையே வேறு. வழக்கமான முறையில் சாம்பிள் உட்காருவது ஆப்ஜெக்டிவ் லென்ஸின் நடுவில், அங்கே காந்தப்புலம் கிட்டத்தட்ட 2 டெஸ்லா. ஸ்கிர்மியான் போன்ற மென்மையான காந்தச் சுழல்கள் அதில் தாங்காது, எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். ஆப்ஜெக்டிவை அணைத்துவிட்டு லாரன்ட்ஸ் முறையில் பார்க்க வேண்டும். 2010இல் ஜப்பானில் ஸ்கிர்மியான்களை நேரடியாகப் படம்பிடித்ததும் லாரன்ட்ஸ் முறையில்தான். வேடிக்கை என்னவென்றால், ஃபோகஸ் சரியாக இருக்கும்போது சுழல் தெரியாது. கொஞ்சம் விலக்கினால் வெள்ளைப் புள்ளிகள் வரும், எதிர்ப்பக்கம் விலக்கினால் அதே புள்ளிகள் கறுத்துப்போகும். அது காந்தம்தானா என்ற சந்தேகம் வந்தால் வெப்பநிலையை ஏற்றிப் பாருங்கள், காந்தத்தன்மை போகும் இடத்தில் புள்ளிகளும் போக வேண்டும்.

பீமுக்கு முன்னாலேயே சேதம் தொடங்கிவிடுவதும் உண்டு. சாம்பிளை மெலிதாக்க 30 கிலோவோல்ட் காலியம் அயனிகளால் வெட்டினால் சிலிக்கானிலேயே ஒவ்வொரு பக்கமும் 20 நானோமீட்டர் அளவுக்குப் படிக ஒழுங்கு குலைகிறது. சாம்பிளின் மொத்தத் தடிமனே நூறு நானோமீட்டருக்குள் என்னும்போது இது சின்ன விஷயமில்லை, கடைசி மெருகை 5, 2 கிலோவோல்ட் என்று இறக்கித்தான் கொடுக்க வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, படம் எடுத்த இடத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒருமுறை பாருங்கள். பீம் நின்ற இடம் சதுரமாகக் கறுத்திருந்தால் கார்பன் அழுக்கு படிந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் படத்தை வைத்து அளவுகள் எடுக்க வேண்டாம்.

நுண்ணோக்கியில் நேரம் கேட்டு எழுதும்போதே பொருளின் மாற்ற வெப்பநிலையையும், அதாவது அதன் தன்மை மாறும் வெப்பநிலையையும், எழுதிவிடுங்கள். அறை வெப்பநிலையில் படமெடுத்து 10 கெல்வின் நடத்தையை விளக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், குளிரூட்டும் ஹோல்டர் வேறு, அதற்கான வரிசையும் வேறு.