வரைபடத்தில் வட்டம் போடுபவர்களுக்கு

மறுபடியும் அதே தவறோடு ஒரு வரைபடம் என் மேசைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டு மாவட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பை சார்ட், அதாவது பங்கு பங்காகப் பிரித்து நிறம் பூசிய வட்டம். நகர மக்களுக்கு ஒரு நிறம், கிராம மக்களுக்கு இன்னொன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த எண்கள் அத்தனையும் சரி. ஆனால் படத்தில், சென்னையின் வட்டம் பக்கத்து மாவட்டங்களை விழுங்கிவிட்டுக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. பெரம்பலூர் வெறும் புள்ளி. அதற்குள் நகரம் எது, கிராமம் எது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. இதை அப்படியே அறிக்கையில் சேர்க்கப் போகிறார்களாம்!

"சென்னையில எட்டு மடங்கு ஜனம், அதனால எட்டு மடங்கு வட்டம். இதுல என்ன சார் தப்பு?" ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான்.

சென்னையில் 46.47 லட்சம் பேர், பெரம்பலூரில் 5.65 லட்சம். சுமார் 8.2 மடங்கு. பெரம்பலூருக்கு 4 மி.மீ. விட்டம் கொடுத்துவிட்டு, சென்னைக்கு அதை 8.2 ஆல் பெருக்கி 33 மி.மீ. வைக்கிறார்கள். பார்ப்பவர் கண் விட்டத்தையா அளக்கிறது? நிறம் பூசிய பரப்பைத்தான் பார்க்கிறது. அந்தப் பரப்பு 67 மடங்காகிவிட்டது. ஒரு சாண் அகலத் தோசையை அதே கனத்தில் இரண்டு சாண் அகலத்துக்கு வார்த்தால் மாவு நாலு மடங்கு செலவாகும், அவ்வளவுதான் விஷயம். விட்டத்தை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். அப்போது சென்னைக்குப் பதினொன்றரை மி.மீ. போதும், பக்கத்து மாவட்டங்களும் பிழைக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பாரிஸ் நகரத்துக்கு எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு இறைச்சிக் கால்நடை வருகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜோசப் மினார் 1858இல் பை சார்ட்டுகளாக வரைபடத்தில் போட்டபோதே, வட்டத்தின் பரப்பைத்தான் அளவுக்கு ஏற்ப வைத்தார். அவருக்குக் கணினி கிடையாது. நமக்கு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இருக்கிறது. லேயர் பிராப்பர்ட்டீஸில் டயக்ராம்ஸ், அதில் சைஸ் பகுதிக்குப் போனால் 'ஏரியா', 'டயாமீட்டர்' என்று இரண்டு இருக்கும். ஏரியாவைத் தேர்ந்தெடுங்கள். சின்ன வட்டங்களைப் பெரிதாக்கும் வசதியும் அங்கேயே உண்டு. அதைத் தொட்டால் அளவு ஒப்பீடு கெட்டுவிடும், படத்தின் ஓரத்தில் வரும் குறி விளக்கத்தில் (லெஜண்ட்) சொல்லியே ஆக வேண்டும்.

உண்மையில் நகரம், கிராமம் என்று இரண்டே வகைக்குப் பை சார்ட் எதற்கு? நகர மக்களின் சதவீதத்தை ஒரே நிறத்தின் அடர்த்தியில் காட்டினால் பளிச்சென்று தெரியும். மூன்று நான்கு வகைகள் இருந்து, மொத்த அளவையும் காட்ட வேண்டியிருந்தால் வட்டத்துக்குப் போங்கள். ஐந்துக்கு மேல் போனால் சின்ன வகைகளை 'மற்றவை'யில் சேருங்கள். சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்களும் உங்கள் வரைபடத்தைப் பார்க்கிறார்கள்.

வகைகளுக்குக் கொடுத்த குறியீட்டு எண்களைத் தயவுசெய்து சராசரி எடுக்காதீர்கள். வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் குழாய் 1, கிணறு 2, ஆழ்துளைக் கிணறு 3 என்று வைத்திருக்கிறீர்கள். ஊரில் பாதி வீடு 1, பாதி வீடு 3. சராசரி 2. ஒருவர்கூடக் கிணற்றில் இறைக்காத ஊரைக் கிணற்று ஊராக்கிவிடுகிறீர்கள். ஒவ்வொரு வகையிலும் எத்தனை வீடு என்ற எண்ணிக்கை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

மாவட்ட எல்லைகள் உள்ள கோப்பு எந்த ஆண்டுடையது என்று பார்த்த பிறகே மக்கள்தொகை அட்டவணையை அதோடு இணையுங்கள். 2011இல் 32 மாவட்டங்கள். 2019, 2020 பிரிவினைகளுக்குப் பின் 38. பழைய எண்களைப் புதிய எல்லையில் ஏற்றினால் தென்காசிக்கும் மயிலாடுதுறைக்கும் வட்டமே வராது. தென்காசிக்காரர்கள் திருநெல்வேலி வட்டத்துக்குள்ளும், மயிலாடுதுறைக்காரர்கள் நாகப்பட்டினம் வட்டத்துக்குள்ளும் இருப்பார்கள். 2011 எண்களுக்கு 2011 எல்லையையே போடுங்கள், ஆண்டையும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.