மாலத்தீவா, மொரிசியஸா? எந்தத் தீவு என்று முதலில் கேளுங்கள்

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு உடல்தகுதிச் சான்றிதழ் கொடுப்பது என் பணியில் ஒரு பகுதி. ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலர் கேட்டுவிடுவார்கள்: "டாக்டர், மாலத்தீவு நல்லதா, மொரிசியஸ் நல்லதா?" சம்பளத்தை அதற்குள் ஒப்பிட்டு முடித்திருப்பார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இரண்டும் இந்தியப் பெருங்கடல் நாடுகள். தனிநபர் வருமானத்திலும் பெரிய இடைவெளி கிடையாது. ஆனால் நிலத்தின் அமைப்பு அடியோடு வேறு. மொரிசியஸ் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏறக்குறைய 1,865 சதுர கி.மீ. பரப்புள்ள ஒரே தீவில் வாழ்கிறார்கள். நள்ளிரவில் நெஞ்சு வலித்தாலும் சாலை வழியே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட முடியும்.

மாலத்தீவில் சுமார் 1,200 பவளத்தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. மொத்த நிலமும் சேர்ந்து 300 சதுர கி.மீ. அளவுதான், அதுவும் வடக்கிலிருந்து தெற்காக 800 கி.மீ.க்கு மேல் சிதறிக் கிடக்கிறது. மக்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் தலைநகர் மாலே பகுதியில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். சிறப்பு மருத்துவர்களும் பெரும்பாலும் அங்கேதான். தொலைதூரத் தீவில் வேலை என்றால் நோயாளி படகையோ விமானத்தையோ நம்பியிருக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் காத்திருக்க வேண்டும். 2012-இல் வந்த 'ஆசந்தா' காப்பீட்டுத் திட்டம் மாலத்தீவுக் குடிமக்களுக்கானது. வேலைக்குப் போகிறவர் தன் காப்பீடு எதற்கெல்லாம் செல்லும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

குடிநீரும் அப்படித்தான். மாலேயின் குழாய்நீர் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்ததும் நகரமே தண்ணீரில்லாமல் தவித்தது. இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது.

இவ்வளவும் படித்துவிட்டு மொரிசியஸ்தான் நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஐ.நா. மதிப்பீட்டில் மாலத்தீவின் சராசரி ஆயுள் 80 ஆண்டை ஒட்டி இருக்கிறது, மொரிசியஸில் 75-ஐ ஒட்டித்தான். மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் நாட்டில் ஆயுள் ஏன் குறைவு? முக்கியமான காரணங்களில் ஒன்று சர்க்கரை நோய். அங்கே பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது, உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. அந்த நாடு சும்மா இருக்கவும் இல்லை. 1987-இல் ரேஷன் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்து சோயா எண்ணெயைச் சேர்த்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் சுமார் 15 விழுக்காடு இறங்கியது. ஓர் அரசு முடிவு இத்தனை பேருடைய ரத்தத்தில் தெரிந்ததை எண்ணி இன்றும் வியக்கிறேன். சர்க்கரை மட்டும் பிடி கொடுக்கவில்லை. குடும்பத்தில் சர்க்கரை இருப்பவர்கள் அங்கே போனால் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

சென்ற ஆண்டு இன்சுலின் போட்டுக்கொள்ளும் இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். மாலத்தீவில் பள்ளி வேலை கிடைத்திருந்தது. எந்தத் தீவு என்றேன். தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தீவின் பெயர், அங்கே மருத்துவர் இருக்கிறாரா, இன்சுலின் கிடைக்குமா, மாலேவுக்கு எத்தனை மணி நேரம் என்று நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய படிவத்தை எடுத்தேன்.